கூண்டும் குரலும்: கடலூர்க் கரையில் வானொலி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கண்ணால் கண்டவர் சிலர். காதால் கேட்டவர் பல்லாயிரவர். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடல் கொந்தளிக்கும்போதெல்லாம், இன்ன துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பு தமிழகத்தின் வீடுதோறும் ஒலித்தது. பண்ருட்டியில் முந்திரித் தோப்புக்கு நடுவே இருந்தவரும், காட்டுமன்னார்கோயிலில் நாற்றங்காலுக்கு அருகே இருந்தவரும் அக்கூண்டைப் பார்த்ததில்லை. எனினும் அதன் எண் உயர்ந்தால் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டினர். கூரைக்கு மேல் கயிறு போட்டு இறுக்கினர்.

துறைமுக எச்சரிக்கை முறை வானொலியினும் பழையது. 1865ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கிய அம்முறை, 1886 அளவில் இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் விரிந்தது. பகலில் கூம்பும் உருளையுமாகிய அடையாளங்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாகிய விளக்குகள். ஆனால் கண்ணுக்கு எட்டும் தொலைவே அவற்றின் எல்லை. அவ்வெல்லையை உடைத்து, துறைமுகத்தின் செய்தியை ஊரின் செய்தியாக்கியது வானொலியே. தொலைக்காட்சியும் கைப்பேசியும் இணையமும் பெருகிவிட்ட இக்காலத்தில் அவ்வானொலிக்கு இனியும் இடமுண்டா என்னும் வினா எழுகின்றது. அதற்குரிய விடையைக் கருவியின் வளர்ச்சியில் தேடுவதைவிட, வானொலி எப்போதெல்லாம் மக்களால் நம்பப்பட்டது என்னும் வரலாற்றில் தேடுவதே பொருத்தமுடையது.

பொதுவில் கேட்ட காலம்

தமிழகத்தில் ஒலிபரப்பு அரசால் தொடங்கப்பட்டதன்று, ஆர்வலர்களால் தொடங்கப்பட்டது. 1924ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அக்கழகம் நின்றுபோக, அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை மேற்கொண்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைந்தன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவரும் காற்று வாங்கச் சென்ற இடத்தில் கச்சேரி கேட்டனர்.

1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். சிற்றூர்களில் ஊராட்சிக் கட்டடத்தின் திண்ணையிலும், பூங்கா எனப்பட்ட சிறு திடலிலும் பஞ்சாயத்து வானொலி வைக்கப்பட்டது. மாலையில் ஊர் அங்கே கூடிற்று. ஒருவர் செவியில் ஒருவர் கேட்பது பிற்காலத்துப் பழக்கம். வானொலியின் முதற்பழக்கம் ஊர் கூடிக் கேட்டலே. கேட்டதைப் பற்றி அங்கேயே பேசவும் வாதிடவும் இயன்றமையால், ஒலிபரப்பு அவ்விடத்திலேயே ஊர்ப் பேச்சாக மாறியது.

சிதம்பரம் விடுத்த வேண்டுகோள்

வானொலி என்ன மொழியில் பாட வேண்டும் என்று கேட்டதில் சிதம்பரத்திற்குத் தனி இடமுண்டு. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சார்பில் தமிழிசை மாநாடு கூடியது. இசை அரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் இறுதியில் பாடப்படும் துக்கடாக்களாக ஒதுங்கியிருந்த காலம் அது. அம்மாநாட்டை ஒட்டி வளர்ந்த தமிழிசை இயக்கம் சபாக்களை நோக்கி மட்டும் பேசவில்லை. வானொலி நிலையங்களையும் நோக்கிப் பேசியது. தமிழ்ப் பாடல்களுக்கு ஒலிபரப்பில் உரிய பங்கு வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று.

அக்கோரிக்கையின் பொருள் இசையோடு முடிவதன்று. கேட்போர் தம் மொழியைக் கேட்கும்போதுதான் ஒலிபரப்பைத் தமதாகக் கொள்வர் என்னும் உண்மையை அது முன்வைத்தது. வானொலி வெறும் இயந்திரம் அன்று, அது பொதுமக்களுக்குக் கடன்பட்ட நிறுவனம் என்று கேட்போர் தரப்பிலிருந்து எழுந்த தொடக்கக் குரல்களுள் ஒன்றாக அதனைக் கருதலாம்.

நெல்லுக்குப் பெயரான வானொலி

நம்பப்பட்ட வானொலிக்குத் தலைசிறந்த சான்று தஞ்சை வயல்களில் உள்ளது. 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் தஞ்சை மாவட்டம் சேர்க்கப்பட்டது. அப்பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டீ. 27 என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தது. அந்நெல்லை எவ்வாறு விதைப்பது, எப்போது உரமிடுவது என்பனவற்றைத் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு நாள்தோறும் எடுத்துரைத்தது. உழவர் அந்நெல்லை எண்ணால் அழைக்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். கொள்ளிடத்தைச் சார்ந்து வாழும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களும் அதே ஆற்றுப் பாசனத்தின் கடைமடைகளே.

ஓராண்டு விளைச்சலைப் பணயம் வைத்து, முன்பின் அறியாத விதையை ஓர் உழவர் நிலத்தில் இடுகிறார் என்றால், அதைச் சொன்ன குரல் அவருக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். நாட்டுப்பாடலும் நாடகமும் சந்தை நிலவரமும் மழைச் செய்தியுமாக நாள்தோறும் வீட்டுக்குள் வந்த குரல் அது. அக்குரல் விதையைப் பற்றிச் சொன்னபோது அது அறிவுரையாகத் தோன்றாமல் அண்டை வீட்டார் சொல்லாகத் தோன்றியது. ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியால் தமிழகம் முழுதும் அறியப்பட்ட தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண் ஒலிபரப்பின் வழியே வானொலிக்குள் வந்தவர். உழவரிடம் பேசிப் பழகிய நடையே பின்னர் எல்லாரிடமும் பேசிய நடையாயிற்று.

இக்காலத்திலேயே கடலூர் மக்களுக்கு அண்மையிலும் ஒரு நிலையம் அமைந்தது. 1967இல் அகில இந்திய வானொலியின் புதுச்சேரி நிலையம் தொடங்கியது. மாநில எல்லை வேறாயினும் காற்றலைக்கு எல்லையில்லை. கடலூரின் அன்றாட வானொலியுள் ஒன்றாக அது விளங்கியது.

கடல் கடந்தும் அண்மையில்

அண்மை என்பது தொலைவை அளக்கும் கோலால் அளக்கப்படுவதன்று. 1950 செப்டம்பர் 30இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, தமிழகக் கரையோர மக்களின் வீட்டு வானொலியாயிற்று. மத்திய அலை நிலத்தின் மீது செல்வதைவிட உப்பு நீரின் மீது வலுக்குறையாது நெடுந்தொலைவு செல்லும். ஆதலின் கடலோர ஊர்களில் கொழும்பின் குரல் தெளிவாக ஒலித்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் நேரில் காணப்படாமலே குடும்பத்தவர் ஆயினர்.

அதனை வெறும் திரைப்பாடல் மோகம் என்று ஒதுக்குதல் பொருந்தாது. திருத்தமான உச்சரிப்பு, நேயரைப் பெயர் சொல்லி வாழ்த்தும் பண்பு, எழுதிப்போட்ட அஞ்சலட்டைக்கு மதிப்பு ஆகியன அவர்களை அண்மையாக்கின. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரமும் இலங்கை வானொலியில் பணியாற்றியவரே. ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதி, காதுக்கு எழுதுவது கண்ணுக்கு எழுதுவதினும் வேறான கலை என்பதைத் தமிழுக்கு உணர்த்திய முன்னோடி அவர்.

பின்வாங்கிய அலைகள்

1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அடுத்த கால் நூற்றாண்டில் வீட்டின் நடு இடம் வானொலிப் பெட்டியிடமிருந்து தொலைக்காட்சிக்கு மாறியது. 2001இல் பெங்களூரில் தொடங்கிய தனியார் பண்பலை ஒலிபரப்பு பின்னர்த் தமிழக நகரங்களிலும் பரவி, இளைஞரை மீண்டும் வானொலிக்கு அழைத்து வந்தது. எனினும் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்பும் உரிமை அந்நிலையங்களுக்கு வழங்கப்படவில்லை. பாட்டு மிகுந்தது, ஊர் குறைந்தது. எந்நகரில் கேட்பினும் ஒரே விரைவு, ஒரே சிரிப்பு, ஒரே பாடல் வரிசை என்னும் நிலை உருவாயிற்று.

உலகெங்கும் இம்மாற்றம் நிகழ்ந்தது. நார்வே நாடு 2017இல் தன் தேசியப் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி எண்ணியல் முறைக்கு மாறியது. அதே 2017 ஏப்ரல் 30இல், 1941 முதல் ஒலித்துவந்த பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறைவுற்றது. எங்கும் கேட்கக்கூடிய இணையம் இருக்க, அலைவரிசை எதற்கு என்னும் வாதம் வலுப்பெற்றது. அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. பாடலுக்காக மட்டும் வானொலி எனின், கைப்பேசி அதனை நன்றாகவே செய்யும்.

புயல் சொன்ன விடை

அவ்வாதத்திற்குக் கடலூரில் கடலே விடையிறுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. மின்சாரம் இன்றேல் தொலைக்காட்சி இல்லை. கோபுரம் செயலற்றால் கைப்பேசியும் இல்லை. இரண்டு மின்கலங்களில் இயங்கும் சிறுபெட்டிக்கு இவை எவையும் வேண்டா. ஒலிபரப்பும் கோபுரம் நின்றால் போதும். எத்தனை ஆயிரவர் ஒருங்கே கேட்பினும் அலை நெரிசற்படுவதில்லை.

2015 நவம்பர் 9இல் பெய்த பெருமழை முதலாகக் கடலூர் மாவட்டம் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ‘பேரிடர் கால வானொலி’ என்னும் பெயரில் 107.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு தற்காலிக நிலையம் ஒலிபரப்பியது. நிவாரணச் செய்திகளை உள்ளூர் மக்களுக்கு உள்ளூரிலிருந்தே சொல்லிய அது, நாட்டின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. ஜப்பானில் 1995ஆம் ஆண்டுக் கோபே நிலநடுக்கத்தை ஒட்டித் தற்காலிகப் பேரிடர் வானொலி என்பதற்குச் சட்ட வழி வகுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அங்கே பல ஊர்களில் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. அந்நெறியில் கடலூரும் ஓர் அடி வைத்தது.

எனினும் இம்முயற்சி ஒரு குறையையும் காட்டிச் சென்றது. வெள்ளம் வந்தபின் பிறக்கும் வானொலி உதவிக்கு உரியது, எச்சரிக்கைக்கு உரியதன்று. எச்சரிக்கை நம்பப்பட வேண்டுமாயின் குரல் முன்னரே பழகியிருக்க வேண்டும். ரேடியோ நெல்லின் வரலாறு கற்பிப்பதும் இதுவே. பேரிடர் நாளில் செலவிடப்படும் நம்பிக்கை, அமைதியான நாள்களில் சேர்க்கப்படும் முதலாகும்.

அம்முதலைச் சேர்க்கும் வழி சமுதாய வானொலி. காற்றலை பொதுச்சொத்து என்னும் உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கு அடித்தளமிட்டது. 2004 பிப்ரவரி 1இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2016 ஆகஸ்டு 15 முதல் பாம்பனில் ‘கடல் ஓசை’ என்னும் மீனவர் வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. காற்றின் விரைவையும் அலையின் உயரத்தையும் கரையோரத்தார் பேச்சிலேயே சொல்வதோடு, அவர்தம் பாடலையும் வாழ்வையும் அது ஒலிபரப்புகிறது. நூறு வாட் அளவினதான இத்தகைய நிலையம் சில கல் தொலைவுக்கே கேட்கும். அக்குறுமையே அதன் பெருமை; இன்னாருக்குப் பேசுகிறோம் என்பதை அது மறக்க இயலாது. பண்பலை ஏற்பியை முடக்காது கைப்பேசிகளை வழங்குமாறு 2023இல் மைய அரசு உற்பத்தியாளர்க்கு அறிவுறுத்தியதும் இவ்வுண்மையை உணர்ந்தே எனலாம்.

கவிஞர் கடன்

இதில் கவிஞர்க்கு என்ன பங்கு என வினவலாம். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்னும் தொடரைத் தமிழகத்துக்குப் பழக்கியது வானொலி. அஃது அறிவியற்குரிய சொல். கரையோர மீனவரோ வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயர் சொல்லி அறிபவர். இவ்விரு சொல்வழக்கும் சந்திக்கும் இடத்தில்தான் எச்சரிக்கை ஒரு முறை கேட்ட அளவில் உயிர் காக்கும் சொல்லாகும். ஒரு முறை கேட்ட அளவில் பொருள் விளங்கவும் நெஞ்சில் நிற்கவும் சொற்களை அடுக்குவது கவிஞர் தொழிலன்றோ? 1956 முதல் குடியரசு நாளை ஒட்டிப் பன்மொழிக் கவியரங்கை நடத்திவரும் அகில இந்திய வானொலிக்கும், தி. ஜானகிராமனையும் அகிலனையும் தன் பணியாளராகக் கொண்டிருந்த தமிழ் வானொலிக்கும் இலக்கியம் அயலானதன்று.

முதுநகர் மீனவரின் காற்றுச் சொற்களையும், கொள்ளிடக் கரையின் உழவுச் சொற்களையும், அவற்றை வழங்கும் முதியோர் குரலிலேயே பதிவு செய்து ஒலிபரப்புக்கு வழங்குதல் இலக்கிய வட்டங்கள் மேற்கொள்ளத் தக்க பணி. அமைதியான மாலைகளில் அக்குரல்கள் கேட்கப்படுமாயின், புயல் மாலையில் அவை நம்பப்படும்.

துறைமுக எச்சரிக்கை எண்கள் ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் முடிகின்றன. பத்துவரை புயலின் தொலைவும் திசையும் கடுமையும் பற்றியன. பதினொன்றாம் எண் புயலின் அளவைக் குறிப்பதன்று. வானிலை மையத்துடன் தொடர்பு அற்றுவிட்டது, ஆபத்து உண்டென உள்ளூர் அலுவலரே கருதுகிறார் என்பதே அதன் பொருள். தொலைவிலிருந்து வரும் குரல்கள் எல்லாம் அடங்கியபின் ஊரில் எஞ்சுவது ஊரறிந்த ஒருவரின் சொல். அச்சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்க்க ஒரு குரல் இருக்கும்வரை வானொலிக்கு வேலை உண்டு.