ஒரே பக்கம், பல உலாவிகள்

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்களின் வரலாறு, வேற்றுமைகளின் வரலாறாகவே தொடங்குகின்றது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கினார். 1996இல் மைக்ரோசொஃப்ட் அதனையொத்த ஜேஸ்கிரிப்டைத் தன் உலாவியிற் சேர்த்தது. 1997இல் எக்மா என்னும் நியம அமைப்பு மொழிக்குப் பொது இலக்கணம் வகுத்தது. எனினும், பக்கத்தின் உறுப்புகளை நிரல் கையாளும் முறை உலாவிக்கு உலாவி வேறுபட்டது. ஆதலின் ஒரே பணிக்கு இருவகை நிரல் எழுதுவதும், ஒவ்வோர் உலாவியிலும் திறந்து சோதிப்பதும் தவிர்க்கவியலாதனவாயின. 2008இல் வெளிவந்த அசிட் 3 முதலிய பொதுச் சோதனைகள் உலாவிகளின் குறைகளை வெளிப்படுத்தி, அவற்றை நியமத்தை நோக்கி நகர்த்தின.

கைப்பேசி இச்சிக்கலைப் புதுப்பித்தது. 2006இல் உலகெங்கும் அறிமுகமான ஒபேரா மினி, பக்கத்தைத் தொலைவிலுள்ள வழங்கிக் கணினியிற் சுருக்கி அனுப்பியது. எளிய கைப்பேசிக்கு அது பெருந்துணையே. ஆயின் மேசைக் கணினியில் இயங்கிய நிரல்கள் பல அதில் முடங்கின. தொடக்ககால அன்ட்ராய்ட் கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தோன்றின.

இவ்வரலாறு மலையகத்தார்க்குப் புறம்பானதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. அத்தகைய சரிவுகளில் வாழ்வோர்க்குரிய எச்சரிக்கை இணையப் பக்கமாக வருமாயின், லயத்திலுள்ள பழைய கைப்பேசியே அதன் இறுதிச் சோதனைக்களமாகும். அங்கே நிரல் இயங்காவிடினும், எச்சரிக்கை வாசகம் தமிழிற் படிக்கத்தக்கதாய் நிற்றல் வேண்டும்.