வழக்கும் வழக்கமும்

ஆலவாய் அண்ணல் நீதிமன்றம் ஏறி வாதாடிய வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. தனபதி என்னும் வணிகன் தன் தங்கை மகனைச் சுவீகாரமாக ஏற்றுப் பொருளெல்லாம் அவனுக்கே அளித்துத் தவம் செய்யச் சென்றான். பங்காளிகள் அப்பொருளைக் கவர்ந்து கொண்டனர். ஆதரவற்ற தாயும் மகனும் இறைவன் திருமுன் விழுந்து அழுதனர். பெருமான் தனபதியின் வடிவில் மாமனாக எழுந்தருளி, அறங்கூறும் அவையில் வழக்குரைத்துப் பொருளை மீட்டளித்தான். நீதி வேண்டி நிற்போர் பக்கம் நிற்பவன் அவன் என்பதே இதன் உட்பொருள்.

இனி, அண்மைக் காலத்து வழக்கொன்றைக் காண்போம். மதுரைக்குத் தெற்கே வறண்ட சமவெளியில் உள்ளது கமுதி. அங்கும் அம்மைக்கு மீனாட்சி என்றும் அப்பனுக்குச் சுந்தரேசுவரர் என்றுமே திருநாமம். 1897ஆம் ஆண்டு மே மாதம் நாடார் குலத்தார் சிலர் அத்திருக்கோயிலினுள் சென்று வழிபட்டனர். தருமகர்த்தாவாகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் மதுரை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இரு தரப்பும் சாட்சிகளையும் பழைய நூல்களையும் முன்வைத்தன. 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராயிற்று. மேல்முறையீட்டின்போது சேதுபதி சமாதானம் நாடினார். வழிபடுவோர் சிலர் அதனை ஏற்காது வழக்கைத் தொடர்ந்தனர். சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் முதல் தீர்ப்பையே உறுதி செய்தன.

நெடுநாள் வழக்கம் எதுவோ அதுவே உரிமை என்பது நீதிபதிகள் கொண்ட நெறி. தமிழில் 'வழக்கு' என்னும் சொல் வியாச்சியத்தையும் குறிக்கும், மரபையும் குறிக்கும். கமுதியில் ஒரு வழக்கு மற்றொரு வழக்கை வென்றது. ஆயினும் வழக்கம் மனிதர் வகுத்தது. மனிதர் மனம் திருந்தினால் அதுவும் திருந்தும்.

அவ்வாறே திருந்தியது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட குலத்தார் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் புகுந்தார். அவ்வறுவருள் பின்னாளில் அமைச்சராய் விளங்கிய கக்கனும் ஒருவர். எதிர்ப்பு எழுந்தது. இராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும், பின் அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசச் சட்டமும் கொணர்ந்து, கோயிலுக்குள் சென்றோரையும் செல்லவிட்ட அதிகாரிகளையும் வழக்கினின்று காத்தது. 1947இல் வந்த சட்டம் மாகாணமெங்கும் திருக்கதவங்களைத் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது.

பிரிவி கவுன்சிலில் தோற்றவர்களின் குலத்தில் வந்த ஒருவர், முப்பத்தோராண்டு கழித்து அங்கயற்கண்ணியின் சந்நிதியில் கைகூப்பி நின்றார். இன்று திருவிழாவில் தேர்வடம் பற்றும்போது நம் அருகில் நிற்பவர் எக்குலத்தவர் என நாம் கேட்பதில்லை. கேளாதிருக்கும் இப்பண்பு எளிதில் வந்ததன்று என்பதை மறவாதிருப்போம். மாமனாக வந்தவன் என்றும் மெலியார் பக்கமே நின்று வழக்குரைப்பான்.

திருச்சிற்றம்பலம்.