தடயவியலும் சமுதாய நோக்கும்: இரு தொடர்கொலைப் புலனாய்வுகள் பற்றிய ஒப்பீடு

விஞ்ஞானத்தின் வரலாறு கருவிகளின் வரலாறு மாத்திரமன்று. அக்கருவிகளைக் கையாளும் நிறுவனங்களின் வரலாறுமாகும். தடயவியலின் வளர்ச்சியோ பெரும்பாலும் ஆய்வுகூடத்தின் வெற்றிப் பயணமாகவே சித்திரிக்கப்படுகின்றது. இங்கிலாந்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு புலனாய்வுகளை ஒப்புநோக்கின், இச்சித்திரத்தின் குறைபாடு புலனாகும்.

முதலாவது யோர்க்ஷயரில் நிகழ்ந்தது. 1975 முதல் 1980 வரை அங்கும் மன்செஸ்ரரிலுமாக 13 பெண்களைப் பீற்றர் சட்கிளிஃப் என்னும் லொறிச் சாரதி கொலைசெய்தான். தடயங்கள் இல்லாமலில்லை. 1977 இல் கொல்லப்பட்ட ஒருத்தியின் கைப்பையிற் கிடைத்த புதிய ஐந்து பவுண் தாள், எந்தெந்தத் தொழிலகங்களின் சம்பள உறைகளிற் சென்றிருக்கலாம் என்பதுவரை ஆராயப்பட்டது. விசாரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளருள் சட்கிளிஃபும் ஒருவன். சக்கரத் தடங்களும் பாதணித் தடங்களும், உயிர்தப்பிய பெண்கள் கூறிய அடையாளங்களும் இருந்தன. ஆயின் இவை யாவும் காகித அட்டைகளிற் சிதறிக் கிடந்தன. 9 தடவை விசாரிக்கப்பட்டும் அவன் அகப்படவில்லை.

1979 ஜூனில், தானே கொலையாளி என உரிமைகோரும் ஒருவனின் ஒலிநாடா பொலிசாருக்கு வந்தது. மொழியியலாளர் அப்பேச்சுவழக்கைச் சண்டர்லாந்தின் ஒரு பகுதிக்குரியதென இனங்கண்டனர். அம்முடிவு சரியானது. ஆனால் அது சுட்டியது கொலையாளியையன்று, ஓர் ஏமாற்றுக்காரனையே. இவ்வாய்ப்பினை அம்மொழியியலாளரே எடுத்துக்கூறியிருந்தனர். தன்னைத் தாக்கியவன் யோர்க்ஷயர் வழக்கிற் பேசினான் என உயிர்தப்பிய ஒருத்தியும் கூறியிருந்தாள். பொலிஸ் தலைமையோ ஒலிநாடாவையே நம்பியது. அதன் பின்னர் மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டனர். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டிற் சட்கிளிஃப் பிடிபட்டதும் போலி வாகன இலக்கத்தகட்டினாலேயாம். ஏமாற்றுக்காரன் 2005 இலேயே, பழைய கடித உறையிலிருந்த உமிழ்நீரின் டி.என்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்டான்.

இத்தவறுக்குக் கருவியின் போதாமை மட்டுமா காரணம்? கொல்லப்பட்டோர் ‘விலைமாதர்’ எனவும் ‘அப்பாவிகள்’ எனவும் வகுக்கப்பட்டனர். முதற்பிரிவிற் சேராத பெண்கள்மீதான தாக்குதல்கள் பல தொடரோடு இணைக்கப்படவேயில்லை. அவர்கள் தந்த சான்றுகளும் புறக்கணிக்கப்பட்டன. எது சான்று, யார் சாட்சி என்பதை ஆய்வுகூடத்திற்கு முன்னரே ஒரு சமுதாய மதிப்பீடு தீர்மானித்துவிட்டது. அன்று வழங்கிய சொற்களுக்காகப் பொலிஸ் தலைமை மன்னிப்புக் கோரியது 2020 இலேயாகும்.

இரண்டாவது லெஸ்ரர்ஷயரில் நிகழ்ந்தது. 1983 இலும் 1986 இலும் அயற்கிராமங்களில் இரு பதினைந்து வயதுச் சிறுமியர் கொல்லப்பட்டனர். பதினேழு வயதுத் தொழிலாளி ஒருவன் இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். லெஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 இற் கண்டறிந்த டி.என்.ஏ. முறை, இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்பதையும் அவன் இவ்விளைஞன் அல்லன் என்பதையும் நிறுவியது. கொலை விசாரணையில் அம்முறையின் முதற்பயன் ஒரு நிரபராதியை விடுவித்தமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1987 இல் அக்கிராமங்களின் ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் இரத்தம் பெறப்பட்டது. ஆயினும் கொலின் பிச்ஃபோர்க் என்னும் வெதுப்பகத் தொழிலாளி, தனக்குப் பதிலாகச் சக தொழிலாளி ஒருவனை இரத்தங் கொடுக்கச் செய்து தப்பினான். அவ்வாள்மாறாட்டம் மதுச்சாலைப் பேச்சொன்றில் வெளிப்பட, அதனைக் கேட்ட பெண்ணொருத்தி பொலிசாரிடம் தெரிவித்தாள். பிச்ஃபோர்க் 1988 இல் ஆயுட்டண்டனை பெற்றான்.

இவ்வொப்பீடு விஞ்ஞானத்தை மறுப்பதற்கன்று. ஒப்புதல் வாக்குமூலத்தைவிட உடற்சான்று நம்பத்தக்கது என்பதை லெஸ்ரர் நிறுவிற்று. ஆனால் கருவி, தன்னிடம் கேட்கப்படும் வினாவுக்கு மாத்திரமே விடைதரும். வினாவை எழுப்புவது நிறுவனம். அந்நிறுவனமோ வர்க்க, பால் வேறுபாடுகளுக்கு அப்பாற்பட்டதன்று. யோர்க்ஷயர்ப் பெண்களின் குரல்கள் ஓர் ஒலிநாடாவைவிடத் தாழ்வாக மதிக்கப்பட்டமை ஆய்வுகூடத்தின் பிழையன்று. அதனைத் திருத்துவது நுண்ணிய கருவிகளால் மாத்திரம் ஆகக்கூடியதுமன்று.