வெருகற்கரையின் வெள்ளக் காவல்

ஈழத்தின் மிக நீண்ட நதியாகிய மகாவலி, கடலை அணுகுமிடத்துப் பிரிந்து, ஒரு கிளையாற் கொட்டியாரக் குடாவையும், வெருகலாறு என்னும் மற்றொரு கிளையால் அதன் தெற்கேயுள்ள வெருகற் கடலையும் அடைகின்றது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் அவ்வாற்றங்கரையிலேயே உள்ளது. மலைநாட்டிற் பெய்த மழையும் ஈண்டே வந்து சேரும். கீழைக்கடல் பொங்கினும் ஈண்டே தாக்கும். இத்தகைய நிலத்திலே மக்கள் தம்மைக் காத்துக்கொள்ள எவ்வாறு பயின்றனர் என்பது வரலாற்று மாணாக்கர் ஆராயற்பாலது.

பண்டை நாளிற் குளக்கட்டும் வாய்க்காலும் தனியொரு திணைக்களத்தின் பொறுப்பாக இருந்தில. வயலில் எத்துணைப் பங்கு உடையரோ அத்துணைக்கு ஏற்பக் கட்டின் ஒரு பகுதியையும் அவரே திருத்தல் வேண்டும் என்பது ஊர்வழக்கு. ஆண்டுதோறும் மாரிக்கு முன் மண்வெட்டியோடு நின்றவனுக்குக் கட்டு எவ்விடத்தே கசியும், நீர் மிஞ்சின் எவ்வழி பாயும் என்பன சொல்லாமலே தெரிந்திருந்தன. அவனோடு சென்ற மகனும் அதனைக் கண்டறிந்தான். இதனைப் பயிற்சி என்று எவரும் அழைத்திலர். எனினும் பயிற்சியே அது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை ஒட்டி 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிந்தது. கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கிய ஆண்டு என்று அதனைப் பரீட்சைக்கு நெட்டுருச் செய்தவருள் யானும் ஒருவன், அவ்விடை பிழையுமன்று. ஆயின் அரைவிடையே. கொடுமையோடு, கட்டுத் திருத்த மறுத்தவனைக் கேட்கும் அதிகாரமும் ஒழிந்தது. ஒருவன் தன் பங்கைத் திருத்தாதுவிடின் அயலவன் உழைப்பும் வீணே. பல குளங்கள் பாழ்பட்டன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்குகளுக்கு மீண்டும் வலுவளித்தது. கீழ்மாகாணத்தில் வட்டவிதானை என்னும் பதவி அவ்வொழுங்கிலே வேரூன்றியது. கமக்காரரே தெரிவுசெய்து, விளைவில் நெல் அளந்து கொடுக்கும் காவலர் அவர்.

ஆற்றுக்கு இத்தகைய வழக்கு இருந்தது, கடலுக்கு இல்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் காலை ஏழு மணியளவிற் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கிய பின், ஆழிப்பேரலை நம் கரையை எட்ட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்நேரம் எவருக்கும் பயன்படவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோரின் கிணறும் வயலும் உவர்ப்பேறின. நடுக்கத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமெலு தீவினருக்குக் கிடைத்ததோ ஏறத்தாழப் பத்து நிமிடமே. 1907ஆம் ஆண்டின் பேரலையை அவர்கள் கதையிலும் தாலாட்டிலும் பேணி, நிலம் நடுங்கினால் மேட்டுக்கு ஓடுக என்று சிறார்க்குக் கற்பித்திருந்தனர். 78,000 பேர் வரையிலான அத்தீவில் இறந்தோர் எழுவர் என்பர்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நமக்கு ஒரு நிலையத்தைத் தந்தது, ஒத்திகைகளும் நடைபெறலாயின. ஆயின் 2006இல் மாவிலாற்றிலே மூண்ட போர் வெருகல் மக்களை வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்தியது. ஊர் கலைந்தால் எவர் எதற்குப் பொறுப்பு என்னும் அறிவும் கலையும். மீண்டு வந்தோர் வீட்டைக் கட்டினர். அவ்வறிவைக் கட்டுதற்கு உதவி கொடுப்பார் அரியர். 2025 கார்த்திகை இறுதியில், திட்வா புயலின் பெருமழையால் மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கரை உடைந்தபோது, மூதூரும் வெருகலும் வெள்ளத்துள் அகப்பட்டன. பெரும்போகத்துக்கு விதைத்த நெல் அழியின், உணவோடு அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் போய்விடும், எஞ்சுவது கடன்.

மண்டபத்திலே ஒருநாள் விரிவுரை நிகழ்த்தி, சான்றிதழ் வழங்கிப் படம் பிடித்தலைப் பயிற்சி என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பெரும்போகத்துக்கு முன் கமக்காரர் கூடும் ஆரம்பக் கூட்டம் இன்றும் நடைபெறுகின்றது. விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் ஆங்கே முடிவாகின்றன. அக்கூட்டத்திலேயே எந்தத் தோணி எத்துறையில் நிற்கும், நடக்கவியலா முதியோரை எவ்வீட்டார் அழைத்துச் செல்வர், விதைநெல்லும் உறுதிகளும் எம்மேட்டுக்கு முன்னரே ஏற்றப்படும், மாட்டுப்பட்டியை எவர் திறப்பர் என்பனவும் பெயர் குறித்து எழுதப்படுதல் வேண்டும். வட்டவிதானையின் ஏட்டில் அதற்கு இரண்டு பக்கம் போதும். அவற்றை எழுதிக்கொடுக்க மேல்வகுப்பு மாணாக்கர் ஊர்தோறும் உளர்.