பொருள் முன்னே, வினை பின்னே

2006 ஆவணி. திருவல்லிக்கேணியில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஒரு டிடிபி கடையில் பேஜ்மேக்கர் ஆபரேட்டராக இருந்தேன். முகூர்த்த சீசன். கல்யாணப் பத்திரிகை மேட்டரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஃபான்ட்டில் அடித்துக் கொண்டுவருவார்கள். எங்கள் ஃபான்ட்டில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் கொக்கிகளும் நிற்கும். எழுத்தை மாற்ற பெர்லில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அதை ஓட்டுவதற்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைல். கோப்பை இழுத்து அதன் தலையில் போட்டால் போதும். போட்டு நிமிர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஒருநாள் போட்டேன், கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டி மறைந்தது. மறுபடி போட்டேன், அதேதான். பெண்ணின் அப்பா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் கோப்பின் பெயரைப் படித்தேன்: 'ரவி&தேவி' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். பெயரில் இடைவெளி இருந்தால் விண்டோஸ் தானே மேற்கோள் குறி போட்டுக் கொடுத்துவிடும். இடைவெளி இல்லையென்றால் போடாது. கட்டளை ஜன்னலுக்கோ & என்பது 'இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைப் பார்' என்று அர்த்தம். என் ஸ்கிரிப்டிடம் போய்ச் சேர்ந்தது ரவி மட்டும். தேவியைத் தனிக் கட்டளையாக நினைத்துத் தேடியிருக்கிறது. தாலி கட்டுமுன்னே பிரித்துவிட்டது.

அன்றைக்கு உறைத்தது: இழுத்துப் போடும்போது நாம் கோப்பைக் கொடுப்பதில்லை, அதன் விலாசத்தை எழுதிய சீட்டைத்தான் கொடுக்கிறோம். பேட்ச் ஃபைலுக்குள் %1 என்று எழுதுவது அந்தச் சீட்டை வாங்க நீட்டும் கை. %9 வரை அப்படி ஒன்பது கை. டாஸ் காலத்தில் கட்டளையும் சீட்டும் சேர்ந்து மொத்தமே 127 எழுத்துக்கு மேல் போகக்கூடாது.

டாஸில் வினைதான் முதலில். 'காப்பி' என்று அடித்துவிட்டு எதை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது எப்போதும் ஒட்டவில்லை. வீட்டில் யாராவது 'அணை விளக்கை' என்றால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். விளக்கை அணை, சோற்றைப் போடு, கோப்பை மாற்று என்பதுதான் நம் வாயில் வரும் வரிசை. 1981இல் ஐபிஎம் பிசியோடு டாஸ் வந்தது. அதே ஆண்டு வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் வரிசை தலைகீழ். முதலில் ஆவணத்தைத் தொட்டுத் தேர்ந்தெடு, பிறகு விசைப்பலகையில் 'நகர்த்து' அல்லது 'நகலெடு' பொத்தான், பிறகு பிரிண்டர் படத்தைக் காட்டு. ஸ்டார் விலையால் செத்தது; வரிசை பிழைத்துக்கொண்டது.

ஆப்பிள் 1993இல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் கொடுத்தபோது அந்த வரிசை நம்மைப் போன்றவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுக்கும் கிடைத்தது. 'ஓபன்' என்றொரு பகுதி எழுதிச் செயலியாகச் சேமித்தால், கோப்புகளை அதன்மேல் போடலாம். டிராப்லெட், அதாவது துளி, என்று பெயர். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. துளிக்குப் போய்ச் சேர்வது விலாசச் சீட்டு அல்ல, 'ஏலியாஸ்' என்ற அடையாளம். கோப்பின் பெயரை மாற்றினாலும் அதே வட்டில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் அது தேடிக் கண்டுபிடித்துவிடும். ரவியும் தேவியும் அங்கே சேர்ந்தே போயிருப்பார்கள். விண்டோஸ் 95இல் 'செண்ட் டு' வந்தது. அந்தப் பெயருள்ள ஃபோல்டரில் ஸ்கிரிப்டுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுவிட்டால், எந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்தாலும் அந்தப் பட்டியலில் ஃப்ளாப்பிக்குப் பக்கத்தில் நம் ஸ்கிரிப்டும் நிற்கும்.

லாஞ்சர்கள், அதாவது நாலு எழுத்து அடித்தால் கோப்பை எடுத்து நீட்டும் செயலிகள், அவற்றின் கதை அதற்கப்புறம். மேக்கில் 2003இல் நிக்கலஸ் ஜிட்காஃப் எழுதிய குயிக்சில்வரை ஒரு பத்திரிகை அலுவலகத்தில்தான் முதலில் பார்த்தேன். மவுஸே இல்லை. கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் ஒரு பெட்டி. நாலு எழுத்து அடித்தால் கோப்பு வந்து உட்காருகிறது. டேப் அழுத்தினால் வினைகளின் பட்டியல், அதில் அவர்களே எழுதிய ஸ்கிரிப்டும் ஒரு வினை. 'யாருக்கு' என்பது மட்டும் வினைக்குப் பிறகு மூன்றாவது பெட்டியில். அங்கே தமிழ் கொஞ்சம் நொண்டும். 2010இல் ஆல்ஃபிரட் என்ற இன்னொரு லாஞ்சர் வந்து, 2013இல் அதன் இரண்டாம் பதிப்பில் 'வொர்க்ஃப்ளோ' சேர்ந்த பிறகு, கம்பி இழுத்து இணைப்பதுபோலக் கோப்பையும் ஸ்கிரிப்டையும் இணைக்கலாம் என்றானது.

ஆனால் அங்கே மறுபடி சீட்டுதான். ஷெல் ஸ்கிரிப்டுக்குப் போவது வெறும் பாதைப் பெயர். இடைவெளி, மேற்கோள் குறி, டாலர் குறி இவற்றில் எதற்கெல்லாம் முன்னால் பின்சாய்கோடு போட்டுக் காக்க வேண்டும் என்று டிக் அடிக்க ஒரு வரிசையே வைத்திருந்தார்கள். பிறகுதான் பெயரை வெட்டாமல் முழுசாக வாங்கிக்கொள்ளும் வழி கொடுத்தார்கள். பழைய ஆபரேட்டர்கள் அந்த டிக் வரிசையைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஒவ்வொரு டிக்கும் எவனோ ஒருவன் அரைமணி நேரம் முழித்த கதை.

பெண்ணின் அப்பாவுக்கு அன்று இரண்டாவது காப்பி வாங்கிக் கொடுத்தேன். கோப்புக்கு 'ரவி-தேவி' என்று பெயர் மாற்றிப் போட்டதும் எழுத்தெல்லாம் சரியாக வந்தது. ப்ரூஃப் எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, நடுவுல கோடு போடாதீங்க, அந்த வளைஞ்ச குறியே இருக்கட்டும்" என்றார்.