ஹாலிவுட் அழகும் ஒரு அம்மாவின் ஓவியமும்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் குழுவில் ஒருத்தி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தாள். தோள் தெரியும் கறுப்புப் பட்டு கவுன், முழங்கைக்கு மேல் வரை ஏறிய கையுறை, அலையலையான கூந்தல். 1946-ல் வந்த 'கில்டா' படத்தின் ரீட்டா ஹேவொர்த். "டீச்சர், அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகைங்க மாதிரி இப்ப யாருமே இல்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தாள். இன்னொருவன் கீழே, "அதெல்லாம் பிறவி அழகு" என்று எழுதியிருந்தான்.

அந்த இரண்டு வார்த்தைதான் என்னை இந்த நீளமான பதிவை எழுத உட்கார வைத்தது. அந்த அழகு பிறவியில் வந்ததில்லை. அதைச் செய்தார்கள். செய்வதற்காகப் பல பெண்களின் பிறவியையே அழித்தார்கள். இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொழிற்சாலையைப் பார்ப்போம். தொழிற்சாலை என்று கேலியாகச் சொல்லவில்லை. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்தும் அன்றைய பெரிய கம்பெனிகள். படம் எடுப்பது, விநியோகிப்பது, திரையிடும் தியேட்டர் எல்லாமே அவர்கள் கையில்தான். தியேட்டர்களைப் பிரித்துவிட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்ப்பளிக்கும் வரை இதுதான் நிலை. நடிகைகள் ஏழு வருட ஒப்பந்தத்தில் இருந்தார்கள். இடையில் அவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. விலகிப்போக நடிகைக்கு உரிமை கிடையாது. என்ன படம், என்ன தலைமுடி, என்ன பெயர் என்று எல்லாமே அங்கிருந்து வரும்.

லூசில் லெசூர் என்ற பெண்ணின் பெயர் எம்.ஜி.எம். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. 1925-ல் ஒரு சினிமா பத்திரிகையில் வாசகர்களுக்குப் போட்டி வைத்துப் புதுப்பெயர் தேடினார்கள். அப்படிக் கிடைத்த பெயர்தான் ஜோன் கிராஃபோர்ட். அவர் முகம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மச்சங்கள் உண்டு. ஜார்ஜ் ஹரல் எடுத்த அவருடைய படங்களில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. நெகட்டிவின் மேல் பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டி அவற்றை மறைத்துவிடுவார்கள். இன்று உங்கள் போனில் ஒரு தட்டில் நடப்பதை அன்று கையால் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள்.

அடுத்தது வெளிச்சம். 1932-ல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிச்சின் முகத்தைப் பாருங்கள். முக்கிய விளக்கை முகத்துக்கு நேரே, நன்றாக உயரத்தில் வைப்பார்கள். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சின்ன நிழல் விழும். கன்னம் உள்ளே ஒடுங்கி, கன்ன எலும்பு மேலே எழும்பித் தெரியும். இயக்குநர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்குக்கு இந்த வித்தை அத்துப்படி. அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ் ஆஸ்கர் வாங்கினார். டீட்ரிச்சும் கெட்டிக்காரர். எந்த விளக்கு எங்கே இருந்தால் தன் முகம் எப்படி விழும் என்பதை அவரே கற்றுக்கொண்டார்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்குப் போகிறவர் பவுடர் போடாமலா போவார்? விஷயம் அதோடு நிற்கவில்லை.

நீங்கள் போட்ட படத்தில் இருப்பவரின் இயற்பெயர் மார்கரீட்டா கார்மென் கான்சினோ. 1918-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஸ்பெயின் நாட்டு நடனக்காரர். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அப்பாவுக்கு ஜோடியாக மேடையில் ஆடியவர். கொலம்பியா கம்பெனி அவரை எடுத்துக்கொண்டபோது, பெயரும் நெற்றியும் அயல்நாட்டுக்காரியைப் போல இருப்பதாகக் கருதினார்கள். பெயரைச் சுருக்கி, அம்மா வீட்டுப் பெயரை ஒட்டவைத்தார்கள். கருங்கூந்தலைச் சிவப்பாக்கினார்கள். நெற்றி அகலமாகத் தெரிய வேண்டும் என்று, முன்நெற்றி முடியை மின்சாரம் பாய்ச்சி வேரோடு எடுத்தார்கள். மாதக்கணக்கில், ஒவ்வொரு முடியாக. வலிக்கும். அதைத் தாங்கிய பிறகுதான் நம் பிள்ளை 'பிறவி அழகு' என்று சொன்ன நெற்றி கிடைத்தது.

1946 ஜூலை 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஓர் அணுகுண்டைச் சோதித்தது. அந்தக் குண்டுக்கு 'கில்டா' என்று பெயர் வைத்து, ரீட்டாவின் படத்தையும் அதன்மேல் ஒட்டினார்கள். பெருமைப்படுத்துவதாக நினைத்திருப்பார்கள். ரீட்டா கொதித்துப்போனார். அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவர் முகம் அவருடையதாக இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பிற்காலத்தில் வசனம் மறந்து தடுமாறியபோது குடிதான் காரணம் என்று பேசினார்கள். அல்சைமர் நோய் என்று தெரியவந்ததே 1980 வாக்கில்தான். 1987-ல் இறந்துபோனார்.

'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் டீட்ரிச்சுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெண் இருப்பார். அன்னா மே வாங். 1905-ல் லாஸ் ஏஞ்சலிஸில் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அதே விளக்கு, அதே கேமரா. அழகிலும் நடிப்பிலும் ஒரு மாற்றுக் குறைவில்லை. ஆனால் சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' படத்தை 1937-ல் எம்.ஜி.எம். வெளியிட்டபோது, சீனக் கதாநாயகியாக நடித்தவர் வெள்ளைக்காரரான லூயிஸ் ரைனர். கதாநாயகன் வேடம் ஏற்கெனவே பால் முனி என்ற வெள்ளைக்காரருக்குப் போயிருந்தது. வேற்று இனத்தவர் ஜோடியாக நடிப்பதை அன்றைய திரைப்பட ஒழுக்க விதிகளைக் கையில் வைத்திருந்தவர்கள் விடமாட்டார்கள். முகத்தில் மஞ்சள் பூசி நடித்த ரைனருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அன்னா மே வாங்குக்குக் கதாநாயகி வேடம் கிடைக்கவில்லை.

இதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு நடிகை என்ன செய்வார்? மேர்ல் ஓபரானைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

'வுதரிங் ஹைட்ஸ்' (1939) படத்தின் கதாநாயகி அவர். 'தி டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்தவர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அவர் 1911-ல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். வளர்த்த சார்லட், இலங்கையில் வேர் கொண்ட கலப்பினப் பெண். அம்மா என்று ஊருக்குத் தெரிந்த அவர் உண்மையில் பாட்டி.

ஏன் இந்தப் பொய்? வரலாறு படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்தவர் அவர்! அந்தக் கதவு இந்தியர்களுக்குத் திறந்தது 1946-ல்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் மேர்ல் ஓபரானின் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். லண்டன் வீட்டுக்கு யாராவது வந்தால், சார்லட்டை வேலைக்காரி என்று சொல்லிச் சமாளித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1937-ல் ஒரு கார் விபத்தில் அவர் முகத்தில் தழும்பு விழுந்தது. பின்னால் ஒளிப்பதிவாளர் லூசியன் பாலார்ட், கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். நேரே விழும் அந்த மெல்லிய வெளிச்சத்தில் தழும்பு கரைந்துபோகும். அந்த விளக்குக்கு இன்றும் சினிமாக்காரர்கள் 'ஓபி' என்றே பெயர் சொல்கிறார்கள். 1945-ல் இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். முகத்துத் தழும்புக்கு ஒரு விளக்கு கிடைத்தது. பிறப்பை மறைத்ததில் விழுந்த தழும்புக்கு என்ன செய்வது?

சார்லட் 1937-லேயே இறந்துவிட்டார். 1949-ல் மேர்ல் ஓபரான் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவரை ஓவியமாக வரைய வைத்தார். ஓவியத்தில் சார்லட்டின் நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னார். அந்த ஓவியத்தைத் தான் குடியிருந்த வீடுகளிலெல்லாம் மாட்டி வைத்திருந்தார். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அம்மா முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இருந்தபடி பார்க்கவும் துணியவில்லை. 1979-ல் அவர் இறக்கும்வரை ரகசியம் ரகசியமாகவே இருந்தது. 1983-ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் அதை உலகத்துக்குச் சொன்னது.

எல்லோரும் பணிந்துதான் போனார்களா என்றால், இல்லை. 'கான் வித் த விண்ட்' (1939) படத்தில் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலாந்தை நினைவிருக்கிறதா? பிடிக்காத வேடத்தை மறுத்தால் சம்பளத்தை நிறுத்துவார்கள். நிறுத்திய நாட்களை ஏழு வருடத்துக்கு மேல் கூட்டியும் கொள்வார்கள். 1943-ல் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் வார்னர் கம்பெனி இன்னும் ஆறு மாதம் என்றது. அவர் நீதிமன்றம் போனார். அதற்கு முன் 1936-ல் லண்டனில் பெட்டி டேவிஸ் இதே கம்பெனியோடு வழக்காடித் தோற்றிருந்தார். தெரிந்தேதான் இவர் போனார். சுமார் இரண்டு ஆண்டு வேலை இல்லை. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு வருடம் என்றால் நாட்காட்டியில் உள்ள ஏழு வருடம்தான் என்றது. அந்த விதியை இன்றும் கலிபோர்னியாவில் அவர் பெயரால் 'டி ஹாவிலாந்து சட்டம்' என்கிறார்கள். அதன்பின் இரண்டு ஆஸ்கர் வாங்கி, 104 வயது வரை வாழ்ந்து, 2020-ல் மறைந்தார். அந்தக் காலத்து நடிகைகளில் யார் அழகு என்று கேட்டால் என் ஓட்டு அவருக்குத்தான்.

இனி என் கணக்கு.

ஒரு வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரலாற்று நாடகம் போட்டோம். ராணி வேடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு முழு வசனமும் தலைகீழ்ப் பாடம். குரலும் கணீர் என்று இருக்கும். இன்னொருத்தி சிவப்பாக இருந்தாள். நான் சிவப்பாக இருந்தவளை மேடையேற்றினேன். வசனம் தெரிந்தவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, அடியெடுத்துக் கொடுக்கச் சொன்னேன். "ராணின்னா பார்க்க ராணி மாதிரி இருக்கணும்ல" என்று அவளிடமே சொன்னேன். அவள் தலையாட்டினாள். விழாவன்று மேடையில் இருந்தவள் மூன்று இடத்தில் தடுமாறினாள். மூன்று இடத்திலும் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்தான் காப்பாற்றியது. கைதட்டல் எனக்கும் மேடையில் இருந்தவளுக்கும் கிடைத்தது.

எந்தக் கம்பெனி முதலாளியும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விதி எதுவும் எழுதி வைக்கவும் இல்லை.

அந்தப் பெண் இந்தக் குழுவில் இருக்கிறாள். தீபாவளிக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாள். பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியும். அம்மா, அன்றைக்கு ராணி நீதான். நான் சொன்னது தப்பு. இத்தனை வருடம் கழித்துச் சொல்வதற்கு மன்னித்துக்கொள்.

மற்றவர்கள் அந்தப் பழைய படங்களைத் தாராளமாகப் பாருங்கள். நானும் பார்க்கிறேன், இன்றும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு பார்க்கும்போது ரீட்டாவின் நெற்றியைக் காட்டி, அது எப்படி வந்தது என்று ஒரு வரி சொல்லிக்கொடுங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்