ஜிம் பீட்டர்ஸும் மன உறுதியும்: ஹெல்சிங்கி 1952, வான்கூவர் 1954

"மனசு திடமா இருந்தா போதும், கால் தானா ஓடும்." அரை மாரத்தான் ஓடுறவங்க மத்தியில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. பழைய ஓட்டப் பந்தயங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இதில் சந்தேகம் கூடிக்கொண்டே போகிறது. அதற்குக் காரணம் ஜிம் பீட்டர்ஸ் என்ற ஆங்கிலேயர்.

பீட்டர்ஸ் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்தவர். 1952 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பாலிடெக்னிக் மாரத்தானை 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை இருந்த உலகச் சிறந்த நேரத்தை விட ஏறக்குறைய 5 நிமிடம் குறைவு! அடுத்த மாதம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். எல்லார் கண்ணும் அவர் மேல்தான்.

அங்கே அவருக்கு எதிரே வந்து நின்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக். 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் அதே வாரத்தில் தங்கம் வென்றிருந்தார். மாரத்தான் மட்டும் அதற்கு முன் ஓடியதே இல்லை. ஆனால் 1951-இல் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடி உலக சாதனை படைத்தவர். அரை மாரத்தான் தூரம் 21,097.5 மீட்டர். அதாவது மாரத்தானின் முதல் பாதி அவருக்குக் கிட்டத்தட்ட பழகிய தூரம். மறுபாதிதான் புதுசு.

ஜூலை 27 அன்று பீட்டர்ஸ் ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு போனார். பக்கத்தில் வந்த ஜாடோபெக், இந்த வேகம் சரிதானா என்று கேட்டார். போதாது, மெதுவாக இருக்கிறது என்ற மாதிரி பீட்டர்ஸ் பதில் சொன்னாராம். சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், சாரம் இதுதான். ஜாடோபெக் அதை நம்பி முன்னால் போய்விட்டார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பில் சிக்கி, சுமார் 32 கிலோமீட்டரில் பந்தயத்தை விட்டு விலகினார்.

இப்ப கணக்கைப் பாருங்க. ஜாடோபெக் வென்ற நேரம் 2:23:03, கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 23 விநாடி. ஆறு வாரத்துக்கு முன் பீட்டர்ஸ் ஓடியது சுமார் 3 நிமிடம் 20 விநாடி. இரண்டும் வேறு வேறு பாதைகள், அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்தப் பந்தயத்துக்குத் தேவைப்பட்ட வேகம் பீட்டர்ஸ் காலில் ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை.

சரி, மன உறுதி போதவில்லை என்று சொல்லலாமா? அதற்கு வான்கூவர் பதில் சொல்கிறது. 1954 ஆகஸ்ட் 7, காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி, நல்ல வெயில். அடுத்தவரை விட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னதாக அரங்கத்துக்குள் நுழைந்தார் பீட்டர்ஸ். அவ்வளவு முன்னணியில் இருப்பவர் நடந்தே முடித்திருக்கலாம். ஆனால் உடம்பு அதற்கும் மிஞ்சிய நிலைக்குப் போய்விட்டது. விழுந்தார், எழுந்தார், திரும்ப விழுந்தார். சுமார் 11 நிமிடத்தில் 200 கெஜம் தூரத்தைக் கூடத் தாண்ட முடியவில்லை. எல்லைக்கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். தங்கம் ஸ்காட்லாந்தின் ஜோ மெக்கீக்குப் போனது. பீட்டர்ஸ் அதன்பிறகு எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

நினைவு தப்பும் நிலையிலும் எழுந்து நடந்த ஒருவரை மனசு திடமில்லாதவர் என்று யார் சொல்வது? அவரிடம் அந்தத் திடம் அளவுக்கு மேலேயே இருந்தது. அது உடம்பு கொடுத்த எச்சரிக்கைகளை அமுக்கிவிட்டது. வெயிலில் வேகமாக ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வியர்வையால் வெளியேற்ற முடியாமல் போகும். அப்போது வைராக்கியம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அரை மாரத்தானில் கடைசி 5 கிலோமீட்டருக்குத்தான் மன உறுதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. முதல் 5 கிலோமீட்டரில் உடம்பு புத்துணர்வோடு இருக்கும், பக்கத்தில் ஆட்கள் முந்திக்கொண்டு போவார்கள். "போகட்டும்" என்று விட்டுவிட்டு, பயிற்சியில் பழகிய வேகத்திலேயே ஓடுவதுதான் கஷ்டம். வெயில் கூடினால் அந்த வேகத்தையும் குறைக்க மனசு வர வேண்டும். உறுதி முதலில் அங்கேதான் வேண்டியிருக்கிறது.